புதுச்சேரியின் குலைந்த நிலங்களில் நித்தியகல்யாணி: ஓர் அயல்மலரின் அடையாளமும் பெயர் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி நகரின் சுவர் இடுக்குகளிலும் மணற்பாங்கான வெற்றிடங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணி, மடகாஸ்கர் தீவுக்கு உரிய அயல்தாவரம். அதனை நம் மண்ணின் தொன்மூலிகையாகக் கருதும் வழக்கு தமிழில் பரவியுள்ளது. செடியின் உறுப்பமைப்பு, தாவரவியல் பெயரீட்டு வரலாறு, பிரெஞ்சுக் கடல்வழித் தொடர்புகள், தென்னிந்திய மொழிகளில் வழங்கும் பெயர்கள் ஆகிய சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை அவ்வழக்கை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நித்தியகல்யாணி, மிளகாய்ப்பூண்டு, மடகாஸ்கர், புதுச்சேரி, அயல்தாவரம், பெயராய்வு, சித்த மருத்துவச் சுவடிகள்

முன்னுரை

ஒரு செடி ஓரிடத்தில் தானே முளைத்து, தானே விதைத்து, தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டால் அதனை அயலது என்று காண்பது அரிது. எருக்கும் நெருஞ்சியும் தும்பையும் வளரும் அதே வெற்றிடத்தில், அதே வெயிலில், அவற்றின் தோழமையோடு நித்தியகல்யாணியும் நிற்கிறது. நீரூற்றுவார் இல்லை, வேலியிடுவார் இல்லை, ஆடுமாடுகளும் அதனைத் தீண்டுவதில்லை. கண்ணுக்கு அது நாட்டுச்செடியே. ஆயினும் எருக்கு, நெருஞ்சி, தும்பை, ஆவிரை ஆகியவை சங்கப் பாடல்களிலேயே பெயர் பெற்றவை. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 மலர்களில் நித்தியகல்யாணிக்கு இடமில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது தாவரவியலார்க்கு மட்டும் உரிய வேலையன்று. மருத்துவச் சுவடியொன்றில் காணும் செடிப்பெயரை எச்செடியோடு பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து அச்சுவடியின் காலக்கணிப்பே மாறக்கூடும். அச்செடியை மருந்தென அரைத்துக் குடிப்பவரின் உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது.

செடியை அறிதல்

நித்தியகல்யாணியின் இன்றைய அறிவியற்பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ். அலரி அடங்கிய அப்போசைனேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடித்தால் பால் கசியும். அடித்தண்டு மரத்தன்மை பெற்று, முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, பளபளப்பானவை, நடுநரம்பு வெளிறித் தெரியும், நுனி உருண்டு, அதன்மேல் ஒரு சிறு கூர் நிற்கும். மலர் நீண்ட குறுகிய குழலும் தட்டையாக விரிந்த ஐந்து மடல்களும் உடையது. நிறம் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, அல்லது வெண்மை, அல்லது நடுவில் சிவந்த கண்ணுடைய வெண்மை. காய் இரட்டையாக நிற்கும். முற்றி வெடித்தால் மிகச் சிறிய கருவிதைகள் உதிரும்.

இந்த விதையைச் சற்று நின்று நோக்கவேண்டும். எருக்கின் விதைக்கும் அலரியின் விதைக்கும் பஞ்சுமயிர் உண்டு. காற்று அவற்றை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும். நித்தியகல்யாணியின் விதைக்கு அத்தகைய மயிர் இல்லை. தாய்ச்செடியின் காலடியிலும், மழைநீர் ஓடும் தடத்திலும், எறும்பு இழுத்துச் சென்ற இடுக்கிலுமே அது முளைக்கும். எனவே ஓரிடத்தில் இச்செடி திரளாக நின்றால், அருகில் எங்கோ ஒரு காலத்தில் மனிதக்கை அதனை நட்டிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. கடல்கடந்து அது தானே வந்திருக்க வழியில்லை.

அடையாளம் காண்பதில் குழப்பம் விளைவிக்கும் உறவுச்செடி ஒன்று உண்டு. கேத்தராந்தஸ் பேரினத்தில் எட்டு இனங்கள். அவற்றுள் ஏழு மடகாஸ்கருக்கே உரியவை. எஞ்சிய ஒன்று, கேத்தராந்தஸ் புசில்லஸ், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. தமிழில் மிளகாய்ப்பூண்டு எனப்படுவது இதுவே. ஒருபருவச் செடி, சிறியது, இலை ஒடுங்கிக் கூர்த்தது, பூவோ மிகச் சிறிய வெண்பூ. உழுத வயலிலும் வரப்பிலும் களையாக வளரும். வெள்ளை நித்தியகல்யாணியின் நலிந்த கன்றை மிளகாய்ப்பூண்டு என்றும், மிளகாய்ப்பூண்டை நித்தியகல்யாணியின் குறுவகை என்றும் பிறழக் கொள்வது எளிது. பூவின் அளவும் இலைநுனியும் இரண்டையும் பிரித்துவிடும்: உருண்ட நுனி அயலது, கூர்த்த நுனி நாட்டது. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. இந்நாட்டுக்கே உரிய கேத்தராந்தஸ் ஒன்று உண்டு என்ற உண்மையே, மற்றதும் இந்நாட்டினது என்னும் மயக்கத்துக்கு ஓரளவு காரணம் என எண்ணத் தோன்றுகிறது.

விங்கா முதல் கேத்தராந்தஸ் வரை

ஐரோப்பிய அச்சுநூல்களில் இச்செடி முதலில் தென்படுவது பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மடகாஸ்கர் வரலாற்றில். எத்தியென் தெ ஃப்ளாக்கூர் 1648 முதல் 1655 வரை மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையில் இருந்த தொஃபேன் கோட்டையின் ஆளுநர். அவர் 1658இல் வெளியிட்ட நூலில் தீவின் செடிகொடிகளையும் அவற்றுக்கு அங்குள்ளோர் இட்ட பெயர்களையும் பதிவு செய்தார்.

ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அது வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வெர்சாய் அரண்மனையின் திரியனோன் தோட்டத்தில் வளர்ந்த செடியின் விதைகள் இலண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்தை நடத்திய ஃபிலிப் மில்லருக்குக் கிடைத்தன. மில்லர் 1757இல் அதன் படத்தை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, 1759இல், லின்னேயஸ் அதற்கு விங்கா ரோசியா எனப் பெயரிட்டார். விங்கா என்பது ஐரோப்பாவில் தரையில் படரும் நீலப்பூக்கொடி. பூவின் தோற்ற ஒற்றுமை கருதி மடகாஸ்கர்ச் செடியும் அதே பேரினத்தில் வைக்கப்பட்டது. நிமிர்ந்து வளரும் இயல்பு, மகரந்தப்பையின் அமைப்பு, குழலினுள் அது பொருந்தியிருக்கும் இடம் ஆகியவற்றால் இது வேறு என்பது பின்னரே உணரப்பட்டது. ரைக்கன்பாக் 1828இல் லோக்னெரா என்னும் பேரினத்தை வகுத்தார். அப்பெயரை ஒத்த பெயர் முன்னரே வேறு செடிக்கு வழங்கியமையால் அது நிலைக்கவில்லை. ஜார்ஜ் டான் 1837இல் இட்ட கேத்தராந்தஸ் என்பதே இன்று ஏற்கப்படுகிறது. தூயமலர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

பழைய தமிழ் மூலிகை நூல்களில் இச்செடி சிலவற்றில் விங்கா என்றும் சிலவற்றில் லோக்னெரா என்றும் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே. மூன்றும் ஒரே செடி. கைவிடப்பட்ட பெயர் முற்றும் அழிந்துவிடவும் இல்லை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் மருந்துப்பெயர்களில் லின்னேயஸின் பொருந்தாத பேரினப்பெயர் இன்றும் உயிர்வாழ்கிறது.

1674ஆம் ஆண்டின் ஒற்றுமை

புதுச்சேரியின் வரலாற்றை அறிந்தவர்க்கு இங்கே ஓர் ஈர்ப்பான கதை எழக்கூடும். கோல்பேரின் முயற்சியால் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி தொடங்கியபோது அதன் முதல் நோக்கம் இந்தியா அன்று, மடகாஸ்கர். அத்தீவைத் தளமாக்கிக் கீழ்த்திசை வணிகம் நடத்துவதே திட்டம். புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மர்த்தேன் அக்கும்பினியின் பணியாளராக 1665இல் புறப்பட்டு, சூரத்துக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகளை மடகாஸ்கரில் கழித்தவர். அவருடைய நினைவுக்குறிப்புகள் அத்தீவிலிருந்தே தொடங்குகின்றன. தொஃபேன் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைவிட்ட ஆண்டு 1674. மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றியதும் அதே 1674.

மடகாஸ்கர் முடிந்த ஆண்டில் புதுச்சேரி தொடங்குகிறது. இரண்டையும் இணைப்பவர் ஒரே மனிதர். இரண்டிடத்திலும் ஒரே பூ. மர்த்தேனே விதையைக் கொண்டுவந்தார் என்று எழுதிவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அப்படி எழுதுவது வரலாறு ஆகாது. கப்பல் வந்தது என்பது விதை வந்திருக்கக்கூடிய வாய்ப்பையே காட்டும். விதை வந்ததைக் காட்டாது. அவ்வாய்ப்பும் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. போர்த்துக்கீசியர் 1500இலேயே மடகாஸ்கர்க் கரையைக் கண்டுவிட்டனர். டச்சுக்காரர் 1652இல் நன்னம்பிக்கை முனையில் தோட்டம் அமைத்து இருபுறமும் செடிகளை அனுப்பினர். டேனியர் 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்தனர்.

தனிமனிதக் கதையை விடத் தொடர்ந்து நிகழ்ந்த போக்குவரத்தே வலிய சான்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மஸ்கரேய்ன் தீவுகளான பூர்போனும் இல்-தெ-பிரான்சும் மடகாஸ்கருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தங்குதுறைகளாயின. 1736 முதல் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அத்தீவுகளிலிருந்து வந்த கப்பல்களைப் பற்றிய செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1746இல் லபூர்தொனே தம் கப்பற்படையோடு புறப்பட்டபோது புயலில் சிக்கி, மடகாஸ்கரின் அந்தோங்கில் விரிகுடாவில் பல வாரங்கள் தங்கிப் பாய்மரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டே புதுச்சேரி வந்தடைந்தார். அப்படையினர் சென்னையைக் கைப்பற்றிய செய்தியே நூல்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. தாவர வரலாறு எழுதுவோர்க்கு அந்தோங்கில் கரையில் தங்கிய வாரங்களும் பொருட்படுத்தத் தக்கவை. மரமும் நீரும் உணவும் அங்கிருந்தே ஏற்றப்பட்டன. இவ்வழியில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மடகாஸ்கர் மக்களையும் மறத்தலாகாது. செடியின் கசப்பையும் பயனையும் முதலில் அறிந்தவர்கள் அவர்களே.

மில்லருக்கு விதை கிடைத்த 1750களை ஒட்டியே இச்செடி பிரெஞ்சு அரசத் தோட்டத்தில் பூத்துக்கொண்டிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். அழகுச்செடி என்ற மதிப்பை அது பெற்றபின், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அது பரவும் வேகம் வேறு. இல்-தெ-பிரான்சின் பாம்பிள்மூஸ் தோட்டத்தைப் பியேர் புவாவ்ர் வளர்த்தெடுத்த காலமும், சொன்னெரா கீழ்த்திசை நாடுகளில் திரிந்து செடிகளையும் உயிரினங்களையும் திரட்டிய காலமும் இதற்கடுத்த ஆண்டுகளே. 1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது வந்திறங்கிய லெஷெனோ இங்கிருந்து பூர்போனுக்குச் செடிகளை அனுப்பினார். 1826இல் தாவரத் தோட்டம் உருவாயிற்று. அதன் பொறுப்பை நெடுங்காலம் வகித்த பெரொத்தே 1870இல் இந்நகரிலேயே மறைந்தார். இப்பெயர்கள் புதுச்சேரியைச் செடிகள் வந்திறங்கிய துறையாக மட்டுமன்றி, ஏற்றுமதியான துறையாகவும் காட்டுகின்றன.

குலைந்த நிலம்

அயற்செடி வருவது ஒன்று, நிலைப்பது மற்றொன்று. நிலைப்பதற்கு இடம் வேண்டும். பழஞ்செடிகள் அடர்ந்த காட்டில் புதிய விதைக்கு இடமில்லை. தோண்டப்பட்டு, இடிக்கப்பட்டு, கொட்டப்பட்டுக் குலைந்த மண்ணிலோ போட்டி குறைவு.

அத்தகைய மண் புதுச்சேரியில் என்றும் குறைந்ததில்லை. 1761 சனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைக்குப் பின், 1765 முதல் நகரம் மீண்டும் எழுப்பப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் மணலும் கலந்த ஒரு பெரும் இடிபாடு. 1778இலும் 1793இலும் மீண்டும் முற்றுகைகள், மீண்டும் மதிலிடிப்புகள். பழைய அரண்கோடு நின்ற தடத்தில்தான் இன்று நகரைச் சூழும் புல்வார் சாலைகள் செல்கின்றன. 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த இருப்புப்பாதை கருங்கற்சரளைப் படுகை ஒன்றை நகருக்குள் கொண்டுவந்தது. நித்தியகல்யாணிக்கு உகந்தவை இவையே: சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சுவர், நீர் தேங்காத மணல், உப்புக்காற்று, நெடிய வெயில். மடகாஸ்கரின் மணற்கரைகளில் அது பழகிய வாழ்வும் ஏறத்தாழ இத்தகையதே.

இவற்றுள் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியிடம் தரவேண்டும். ஆண்டு முழுதும் பூப்பது, பராமரிப்பு வேண்டாதது, ஆடுமாடு மேயாதது என்னும் மூன்று பண்புகளும் அதனைக் கல்லறையில் நடத்தக்க செடியாக்கின. கல்லறையோ ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 2ஆம் நாள் ஆன்மாக்கள் திருநாளையொட்டித் துப்புரவு செய்யப்படும். மற்றக் காலங்களில் பெரும்பாலும் தனித்துவிடப்படும். நட்ட செடி தானே விதைத்துப் பரவ இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. சுடுகாட்டு மல்லி, சுடுகாட்டுப்பூ என்னும் பெயர்கள் இச்சூழலில் பிறந்தவை.

பெயர்ச்சான்று

தமிழாய்வாளர்க்கு இப்பெயர்கள் தரும் சான்று வேறெதனினும் செறிவானது. நித்தியகல்யாணி என்பது வடமொழித் தொடர். என்றும் மங்கலமானவள் என்பது பொருள். இந்தியில் சதாபஹார், மராத்தியில் சதாஃபூலி. இவையும் எப்போதும் பூப்பதையே சொல்கின்றன. தெலுங்கில் பில்லகன்னேரு. அங்கே கன்னேரு என்பது அலரி. அறிந்த செடியின் பெயரோடு அடைமொழி சேர்த்துப் புதியதற்குப் பெயரிட்ட முறை இது. மலையாளத்தில் சவம்நாறி, சிங்களத்தில் மினிமல், அதாவது பிணமலர். ஈழத்தமிழில் பட்டிப்பூ. அண்டை மொழிகள் அனைத்தும் தத்தம் போக்கில் ஒரு விளக்கப்பெயரைப் புனைந்திருக்கின்றன. எருக்கு, வேம்பு, புளி போன்ற பகுக்கவொண்ணாத, இனமொழிகளுக்குப் பொதுவான வேர்ச்சொல் ஒன்று இச்செடிக்கு எம்மொழியிலும் இல்லை. திராவிட மொழிகள் பிரிந்தபின், நெடுங்காலம் கழித்து வந்த செடிக்கே இத்தகைய பெயர்நிலை அமையும்.

இதற்கு மறுப்பாக, நித்தியகல்யாணி என்னும் சொல் தமிழகத்தில் பழைமையானதாயிற்றே எனலாம். சொல் பழையதே. கடையத்தில் அம்மனின் பெயர் நித்தியகல்யாணி. சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் பெருமாள் நித்தியகல்யாணர். (புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் அடுத்துச் சென்று தங்கிய ஊர் அக்கடையமே.) தெய்வத்துக்கு வழங்கிய அடைமொழி பின்னர்ப் பூவுக்கு வாய்த்தது. எனவே சொல்லின் தொன்மையைச் செடியின் தொன்மையாகக் கொள்ளலாகாது. மெக்சிகோவிலிருந்து வந்த முட்செடி பிரமதண்டு என்னும் பெயர்பெற்று வைதிகக் கோலம் பூண்டதும் இவ்வாறே.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அயல்நாட்டிலிருந்து வந்தவற்றைத் தமிழர் சீமை என்றும் பறங்கி என்றும் அடைகொடுத்துப் பிரித்தறிந்தனர்: சீமைக்கருவேலம், சீமையகத்தி, பறங்கிக்காய். நித்தியகல்யாணிக்கு அவ்வடை ஒட்டவில்லை. பிரெஞ்சுமொழியில் அது இன்றும் மடகாஸ்கரின் பெர்வான்ஷ். பிறந்த ஊர் பெயரிலேயே நிற்கிறது. தமிழிலோ வாசலில் மங்கலப்பெயரும் இடுகாட்டில் மல்லிகைப்பெயரும் பெற்று, வந்த வழியை முழுதும் மறைத்துக்கொண்டது. ஒரே செடிக்கு மங்கலமும் சாவுமாக இரு பெயர்கள் ஒருங்கே வழங்குவது, அது வீட்டுவாசல், கல்லறை என்னும் இரு வாயில்களின் வழியாகவும் நம் வாழ்வினுள் நுழைந்ததைக் காட்டுகிறது என்பது எம் கருத்து.

மருந்தும் சுவடியும்

நித்தியகல்யாணி நீரிழிவுக்கு மருந்து என்னும் நம்பிக்கை தமிழகத்தில் மட்டுமன்றி ஜமைக்கா போன்ற தொலைநாடுகளிலும் உண்டு. 1950களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அந்நம்பிக்கையின் பேரிலேயே ஆராய்ந்தனர். எலிகளின் குருதிச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அத்தடத்தில் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினைப் பற்றி 1958இல் அறிவித்தனர். பின்னர் வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் குருதிப்புற்று மருத்துவத்தில் இன்றும் இன்றியமையாதது. செடியில் இம்மருந்துப்பொருள்களின் அளவு மிக நுண்ணியதாகையால், ஓரிரு கிராம் பெறுவதற்கே நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்பட்டது. தமிழகத்தின் தென்மாவட்ட வறண்ட நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகி, இலையும் வேரும் ஏற்றுமதியாயின. இடுகாட்டுப்பூ இவ்வாறு விளைபொருளாயிற்று.

வெள்ளணுக்களைக் குறைக்கும் ஒரு செடியை, அளவும் கண்காணிப்பும் இன்றி நாள்தோறும் பறித்துக் காய்ச்சிக் குடிப்பது தீங்கற்றதன்று. முன்னோர் ஆயிரம் ஆண்டு பயன்படுத்திய மூலிகை என்னும் கூற்று அவ்வழக்கத்துக்கு ஓர் அரணாக நிற்கிறது. அவ்வரண் வரலாற்றில் இல்லை.

சுவடிப் பதிப்பாளர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். மிளகாயும் புகையிலையும் குறிக்கப்படும் பாடற்பகுதி அமெரிக்கக் கண்டத்தோடு தொடர்பு ஏற்பட்டபின் எழுந்தது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அகத்தியர், தேரையர் முதலியோர் பெயரால் வழங்கும் நூல்களில் நித்தியகல்யாணி வருமிடங்களிலும் அதே அளவுகோல் வேண்டும். அப்பாடல் கேத்தராந்தஸ் ரோசியஸையே சுட்டுமாயின் அப்பகுதி பிற்சேர்க்கை. அன்றேல், அப்பெயர் அங்கே வேறொரு செடியையோ தேவியையோ சுட்டுகிறது. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் விங்கா என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது.

தரங்கம்பாடியில் வாழ்ந்து பின் சென்னை சென்ற ரொட்லர் இதில் நல்ல முன்மாதிரி. அவர் தமிழகராதி தொகுத்தவர். செடிகளை உலர்த்தித் தொகுத்தவரும் அவரே. சொல்லையும் செடியையும் ஒரே மனிதர் கையாண்ட காலம் அது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலோ உலர்தாவரத் தொகுப்பும் சுவடித் தொகுப்பும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. ஒன்றைக் காணவருவோர் மற்றதன் பக்கம் திரும்புவது அரிது.

இப்போது அடையாளம் காணும் வேலை மேலும் சிக்கலாகி வருகிறது. பழைய பதிவுகளில் இச்செடிக்கு ஊதாச்சிவப்பு, வெண்மை, செங்கண் வெண்மை என மூன்றே நிறங்கள். 1990கள் முதல் மடகாஸ்கரின் பிற இனங்களோடு கலந்து உருவாக்கிய புதுவகைகள் செங்கருமையும் அடர்சிவப்புமாக நாற்றங்கால்களில் விற்பனைக்கு வந்துள்ளன. புதுச்சேரிச் சுவரோரம் ஒன்றில் அடர்சிவப்பு நித்தியகல்யாணியைக் காண்போர் அதனை 18ஆம் நூற்றாண்டு வரவின் வழித்தோன்றலாகக் கொள்ளலாகாது. அது அண்மையில் தொட்டியிலிருந்து தப்பியது. இனித் திரட்டப்படும் ஒவ்வொரு மாதிரியிலும் ஊரும் நாளும் எழுதுவதோடு, பூவின் நிறத்தையும், செடி நடப்பட்டதா தானே முளைத்ததா என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். உலர்ந்த இதழில் நிறம் சில ஆண்டுகளில் போய்விடும்.